திராட்சைச் சரிவில் நான்கு நாள்கள்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. தம்பிகளோடு உட்கார்ந்து பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கையெழுத்திட்டுவிட்டதாகவும், குளத்தடித் தாக்கு என்னும் வயல் உன் பங்கில் வராமல் போனதுதான் மனத்தை அரிப்பதாகவும் எழுதியிருந்தாய். அன்றிரவே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆறுதலாக எதை எழுதினாலும் வெறும் வார்த்தையாகவே பட்டதால் தாளை மடித்து வைத்துவிட்டேன். அதன்பின் செப்டம்பர் கடைசி வாரத்தில், நெடுநாளாகத் திட்டமிட்டிருந்தபடி, சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு பூர்கோஞ் பகுதிக்குப் போய்வந்தேன். பள்ளிப் புத்தகத்தில் பர்கண்டி என்று படித்தோமே, அதே இடம்தான். நேற்றுத்தான் பாரிஸ் திரும்பினேன். அங்கே சரிவுகளில் மிதித்துக்கொண்டிருந்தபோது, உன் கடிதத்துக்கு எழுத வேண்டிய பதில் அந்த மண்ணிலேயே கிடப்பதாகப் பலமுறை தோன்றியது.

இடத்தின் கிடையை முதலில் சொல்லிவிடுகிறேன். திஜோன் நகரிலிருந்து தெற்கே சான்தனே வரைக்கும் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே மலைச்சரிவு ஓடுகிறது. அதற்குக் கோத் தோர் என்று பெயர். கிழக்கே சோன் ஆற்றுச் சமவெளி, மேற்கே காடு மூடிய மேட்டுநிலம். இரண்டுக்கும் நடுவே, காலை வெயிலைப் பார்த்தபடி சாய்ந்து கிடக்கும் ஒடுங்கிய பட்டைதான் திராட்சை நிலம். சில இடங்களில் அதன் அகலம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. உலகம் முழுவதும் பெயர் பெற்ற ஒயின்கள் இத்தனை சிறிய துண்டு நிலத்திலிருந்தா வருகின்றன என்பதைச் சைக்கிளில் குறுக்கே ஒருமுறை கடந்தபோதுதான் என்னால் நம்ப முடிந்தது.

முதல் நாள் போன் (Beaune) என்ற நகரிலிருந்து சான்தனே வரை போகும் 'திராட்சை வழி'யில் கிளம்பினேன். சுமார் 22 கிலோமீட்டர். பொமார், வொல்நே, மெர்சோ, புலிஞி-மோன்ராஷே, ஷசாஞ்-மோன்ராஷே என்று ஒயின் புட்டிகளின் மேல் மட்டுமே நான் படித்திருந்த பெயர்கள் ஒவ்வொன்றும், நாலு தெருவும் ஒரு தேவாலயக் கோபுரமுமாக எதிரே வந்து நின்றன. பாதை குறுகலானது, கார்கள் அரிது, கொடிகளுக்கிடையே வேலைக்குப் போகும் டிராக்டர்கள்தான் கூட வருகின்றன. அந்த டிராக்டர்கள் கொக்குபோல நெடிய கால்களில் நிற்கின்றன. ஒரு ஹெக்டேருக்குப் பத்தாயிரம் கொடி என்ற கணக்கில், வரிசைக்கு வரிசை ஒரு மீட்டர் இடைவெளியே விட்டு நடுவதால், வண்டி வரிசைக்குள் நுழைய முடியாது. வரிசையின் மேலாகக் காலை அகட்டிக் கடந்து போக வேண்டும். அறுவடை முடிந்திருந்தது. ஆயினும் ஊருக்குள் நுழையும்போதெல்லாம், பழம் புளித்துப் பொங்கும் கனத்த வாசனை நிலவறைகளின் கதவிடுக்குகளிலிருந்து தெருவுக்கு வந்துகொண்டிருந்தது.

புலிஞி ஊரைத் தாண்டியதும் பின்சக்கரம் பஞ்சரானது. டயரைத் தடவிப் பார்த்து, நகத்தால் நெம்பி ஒரு கல் சில்லை எடுத்தேன். நகக்கண் அளவுதான், ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் இலேசான மஞ்சள், விளிம்பில் கத்திபோன்ற கூர்மை. ட்யூபை மாற்றி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், என் முன்னே கிடந்த நிலம் முழுவதும் அதே கல். அது மோன்ராஷே. 'மொட்டைக் குன்று' என்பது அந்தப் பெயரின் பொருள். கொடி தவிர வேறெதுவும் விளையாத கல் நிலம் என்பதால் வந்த பெயர். எட்டு ஹெக்டேர்தான் இருக்கும். இனிப்பில்லாத 'உலர்' வெள்ளை ஒயின்களில் அதற்கு ஈடில்லை என்று பலரும் கருதுகிறார்கள்.

இங்கேதான் என் கால்கள் எனக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுத்தன. பாதைக்குக் கீழ்ப்புறம் உள்ள நிலத்துக்குப் பதார்-மோன்ராஷே என்று பெயர், மேற்புறம் மோன்ராஷே, அதற்கும் மேலே ஷெவாலியே-மோன்ராஷே. மூன்றிலும் ஒரே ஷார்தொனே வகைத் திராட்சைக் கொடி, ஒரே வானம், பார்க்க ஒரே பச்சை. அந்த மூன்றையும் அடுத்தடுத்துச் சைக்கிளில் ஏறிப் பார். கீழே பெரிய கியரிலேயே உருட்டிக்கொண்டு போகலாம். நடுவில் மூச்சு இலேசாகத் தட்டும். மேலே போனதும் கியரை இறக்கி, சீட்டிலிருந்து எழுந்து மிதிக்க வேண்டியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத சாய்வு தொடைக்குத் தெரிந்துவிடுகிறது. மழைநீருக்கும் அந்தச் சாய்வுதான் கணக்கு. மேலிருந்து அரித்து வரும் களிமண் கீழே தங்கி ஆழமாகிறது. அங்கே ஒயினுக்குக் கனம் கூடுகிறது. உச்சியில் சுண்ணாம்புப் பாறைமேல் மண் ஒரு போர்வை அளவுக்குத்தான். அங்கே ஒயின் மெலிந்து கூர்மையாகிறது. நடுவில் நீர் தங்கவும் இல்லை, மண் வறண்டு போகவும் இல்லை. பத்துத் தலைமுறை மனிதர்கள் நாக்காலும் மண்வெட்டியாலும் பிரித்தறிந்த எல்லைகளை என் முழங்கால்கள் ஒரு காலைப்பொழுதில் மேலோட்டமாகவேனும் தொட்டுப் பார்த்தன என்பது எனக்குப் பெரிய நிறைவு.

இப்படிப் பிரித்தறிந்த ஒவ்வொரு துண்டையும் அவர்கள் 'கிளிமா' என்கிறார்கள். அந்தச் சொல்லுக்குப் பிரெஞ்சில் தட்பவெப்பம் என்றுதான் பொருள். இங்கே மட்டும் அது பெயரிட்ட வயலைக் குறிக்கிறது. அப்படி 1,247 கிளிமாக்களைக் கணக்கெடுத்து, 2015-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. உன் குளத்தடித் தாக்கு, கோயில் பங்கு, மேட்டுத் தாக்கு எல்லாம் நினைவுக்கு வந்த இடம் அதுதான்.

தண்ணீர் தீர்ந்தால் என்ன செய்வது என்று கேட்பாய். மதியம் பன்னிரண்டு மணிக்கு அடைத்தால் இரண்டு மணிவரை பல கிராமங்களில் ஒரு கடையும் திறந்திருக்காது. இங்கே சைக்கிளில் சுற்றுகிறவர்கள் எல்லாரும் அறிந்த வழி ஒன்று உண்டு: ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போவது. பூச்செடிகளுக்கு ஊற்றுவதற்காக வாசலருகே ஒரு குழாய் இருக்கும். நானும் அப்படித்தான் பாட்டிலை நிரப்பினேன். நிரம்பும்வரை சுற்றிலும் உள்ள கல்லறைகளைப் படித்தபோது, காலையில் ஒயின் வீடுகளின் பெயர்ப்பலகைகளில் பார்த்த அதே குடும்பப் பெயர்கள் அங்கேயும் இருந்தன.

இரண்டாம் நாள் வடக்கே நுய்-சேன்-ஜோர்ஜ், வோன்-ரொமானே வழியாக வூஜோ போனேன். ரொமானே-கோந்தி என்ற புகழ்பெற்ற தோட்டத்தை ஒரு கற்சிலுவையும் தாழ்ந்த மதிலும்தான் காட்டிக்கொடுக்கின்றன. இரண்டு ஹெக்டேர்கூட இல்லை. என்னை அதிகம் நிறுத்தி வைத்தது குளோ த வூஜோ. சிஸ்தெர்சியன் துறவிகள் 12-ஆம் நூற்றாண்டிலிருந்து சேர்த்து, பின்னர் மதில் கட்டி வளைத்த தோட்டம் அது. ஏறக்குறைய 50 ஹெக்டேர். மேல், நடு, கீழ் என்று மூன்றாகப் பிரித்து அந்தத் துறவிகள் தனித்தனியே ஒயின் செய்தார்கள் என்று ஒரு பேச்சு வழங்குகிறது. பிரெஞ்சுப் புரட்சியில் அது மடத்தின் கையைவிட்டுப் போயிற்று. இன்று அதே மதிலுக்குள் எண்பது பேரளவில் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். நெடுஞ்சாலையை ஒட்டிய கீழ்மூலையில் மழை பெய்தால் நீர் கோத்துக்கொள்ளும். அங்கே நாலு வரிசை வைத்திருப்பவரும், மேலே தோட்டத்துக்குள் நிற்கும் பழைய மாளிகையை ஒட்டி வைத்திருப்பவரும் புட்டியின்மேல் ஒரே பெயரைத்தான் எழுதுகிறார்கள். பிள்ளைகள் அனைவருக்கும் சமபங்கு என்று வகுத்த 1804-ஆம் ஆண்டு நெப்போலியன் சட்டம், தலைமுறைக்குத் தலைமுறை இந்த நிலங்களை வரிசை வரிசையாக நறுக்கியிருக்கிறது.

அந்த மதிலோரம் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வெகுநேரம் நின்றேன். நிலத்தைப் பங்கு போட்டார்கள். பெயரைப் பங்கு போடவில்லை. எவர் கைக்கு மாறினாலும் ஷெவாலியே என்ற துண்டு ஷெவாலியேயாகவே இருக்கிறது. நம் பக்கம் நடப்பது வேறு. பட்டா மாறியதும் சர்வே எண்ணும் அதன் உட்பிரிவும்தான் மிஞ்சுகின்றன. குளத்தடி என்ற பெயரும், அங்கே எந்த மழைக்கு எவ்வளவு நீர் நிற்கும் என்ற அறிவும் அடுத்த தலைமுறையின் வாயில் வருவதே இல்லை. உன் தம்பி கைக்குப் போனதால் குளத்தடித் தாக்கு உன்னைவிட்டுப் போய்விட்டதாக நீ எழுதியது எனக்கு வருத்தமாக இருந்தது. அந்தத் தாக்கின் குணத்தை அறிந்தவன் உங்கள் வீட்டில் இப்போது நீ ஒருவன்தானே.

மூன்றாம் நாளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை 5 அன்று தூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் தனிநபர் நேரச் சுற்று நுய்-சேன்-ஜோர்ஜிலிருந்து ஜெவ்ரே-ஷாம்பெர்தேன் வரை 25.3 கிலோமீட்டர் நடந்தது. பெல்ஜியத்தின் ரெம்கோ எவனபுல் 29 நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் ஓட்டி வென்றார். அதே பாதையில் நான் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டேன். குர்தீல்-வெர்ஜி ஏற்றம் ஒன்றரை கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்தான். ஆனால் நிழல் இல்லாத இடத்தில் முழங்கால் நன்றாகவே முனகியது. காரோட்டிகள் பொறுமையாகப் பின்னால் காத்திருந்து, ஊருக்கு வெளியே சட்டப்படி விட வேண்டிய ஒன்றரை மீட்டர் இடம் விட்டுத் தாண்டிப் போனார்கள். ஒயினைச் சுவைப்பதையெல்லாம் மாலையில் சைக்கிளை நிறுத்திய பிறகே வைத்துக்கொண்டேன்; ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் என்ற மது வரம்பு இங்கே சைக்கிள் ஓட்டுகிறவருக்கும் உண்டு.

கடைசி நாள் போன் நகரில் 1443-இல் நிறுவிய பழைய ஏழைகள் மருத்துவமனையைப் பார்த்தேன். வண்ண ஓட்டுக் கூரை அழகுதான். ஆனால் அந்த ஊரைப் பற்றி அறிந்தவற்றுள் வேறொன்று என்னை அதைவிடப் பிடித்துக்கொண்டது. அங்கே திராட்சை அறுவடை தொடங்கிய தேதிகள் 1354 முதல் தொடர்ச்சியாகக் கிடைக்கின்றன. தேவாலயக் கணக்குகளில் கூலி கொடுத்த நாளைக் குறித்து வைத்திருந்ததால் வந்த பலன் அது. 1987 வரை சராசரியாகச் செப்டம்பர் 28-இல் தொடங்கிய அறுவடை, 1988-க்குப் பிறகு 13 நாள்கள் முந்திவிட்டது. மேட்டூர் அணை எந்தெந்த ஆண்டு எந்தத் தேதியில் திறந்தது, கடைமடைக்குத் தண்ணீர் என்று வந்தது என்று உன் அப்பா நாட்காட்டியின் ஓரத்தில் எழுதி வைப்பாரே, அந்தத் தாள்களைப் பங்கு பிரித்தபோது யார் எடுத்துக்கொண்டார்கள்? பழைய தாள் என்று எவரும் எறிந்துவிடாமல் பார்த்துக்கொள்.

உன்னிடம் கேட்க விரும்புவது ஒன்றுதான். உங்கள் தாக்குகள் எல்லாவற்றின் பெயரையும், ஒவ்வொன்றும் எத்தனை மா, எதில் முதலில் நீர் வடியும், எதில் கோரை அதிகம், எதில் எந்த நெல் நன்றாக வந்தது என்பதையும் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுது. உன் பங்குக்கு வந்தவற்றை மட்டுமல்ல, தம்பிகளின் பங்கையும் சேர்த்து எழுது; அதில் ஒரு படியை அவர்களுக்கும் கொடு. பொங்கலுக்கு நான் வரும்போது, அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரப்பாகப் போய்வரலாம். நாம் புதுச்சேரியில் படித்த காலத்தில் நீ மிதிக்க நான் பின்னால் உட்கார்ந்து போனதுபோல் இனி முடியாது. இரண்டு சைக்கிள் ஏற்பாடு செய்து வை.

டயரிலிருந்து எடுத்த அந்தக் கல் சில்லு இப்போது என் மேசைமேல்தான் இருக்கிறது. வரும்போது கொண்டு வருகிறேன்.

வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல். தம்பிகளிடமும் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்