ஐசியு கட்டிலுக்குப் பாட்டையும் அனுமதியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன கார்த்திகையில் அப்பாவுக்கு நிமோனியா முற்றிப்போய், கோத்தகிரியிலிருந்து ஆம்புலன்சில் மலையிறங்கிக் கோவைக்குக் கொண்டுபோனோம். ஒன்பது நாள் வென்டிலேட்டர் என்ற செயற்கை சுவாசக் கருவி. தொண்டையில் குழாய், பேச முடியாது. குழாயைப் பிடுங்கப் பார்த்தார் என்று இரண்டு கைகளையும் கட்டில் கம்பியோடு துணியால் கட்டியிருந்தார்கள். காலையும் மாலையும் பத்து நிமிடம் எங்களை உள்ளே விடுவார்கள். ஏதாவது ஒரு மெஷின் 'பீப்' என்று கத்தும்; அப்பாவின் கண் மிரண்டு அந்தப் பக்கம் ஓடும். பதற்றம் கூடினால் மயக்க மருந்தையும் கூட்டுவார்கள்.

அப்பா சின்ன வயதில் இலங்கையிலிருந்து வந்தவர், டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். மாசியில் ரதி-மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்துக்குத் தப்பு மேளம் அடிக்கும் சத்தம் கேட்டால் சோற்றுத்தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். அந்தக் கூத்தை நான் போனில் பிடித்து வைத்திருந்தேன். ஆறாம் நாள் மாலை நர்ஸ் ஒருவர், "சரி, சத்தம் கம்மியா வையுங்க" என்று இயர்போன் மாட்ட விட்டார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் கட்டியிருந்த வலது கையின் விரல்கள் மட்டும் போர்வைமேல் தாளம் போட ஆரம்பித்தன. திரையில் 118 காட்டிய நாடித்துடிப்பு 102க்கு இறங்கியது. மறுநாள் வேறு டூட்டி. செல்போன் கூடாது என்றார்கள், அவ்வளவுதான்.

அப்பா இப்போது நலம். ஆனால் அந்த விரல்களை என்னால் மறக்க முடியவில்லை. தேடிப் படித்தேன். 2013-இல் 'ஜாமா' மருத்துவ இதழில் ஓர் அமெரிக்க ஆய்வு வந்திருக்கிறது. மினியாபொலிஸ் பகுதியில் 5 மருத்துவமனைகள், வென்டிலேட்டரில் இருந்த 373 பேர். பிடித்த இசையை ஹெட்போனில் கேட்டவர்களுக்கு, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிடப் பதற்றம் குறைந்தது. மயக்க மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. பாட்டே இல்லாமல் வெளிச்சத்தத்தை அடைக்கும் ஹெட்போன் மட்டும் மாட்டியவர்களுக்கும் பாட்டுக் கேட்டவர்களுக்கும் இடையே பதற்றத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றால், அந்த 'பீப்' சத்தம் எவ்வளவு வதைக்கிறது என்று பாருங்கள்.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. எதைக் கேட்பது, எப்போது கேட்பது என்பதை அந்த ஆய்வில் நோயாளியே முடிவு செய்தார். கை கட்டிக் கிடப்பவருக்குத் தன் இஷ்டம் என்று வேறென்ன மிச்சம் இருக்கிறது? வார்டு முழுக்க ஸ்பீக்கரில் வீணையை ஓடவிடுவது இதற்கு ஈடாகாது. ஒருவருக்கு முருகன் பாட்டு வேண்டும், இன்னொருவருக்கு எங்கள் நீலகிரிப் படுகர்களின் பாட்டு வேண்டும்.

ஊட்டியில் 2025-இல் 700 படுக்கைகளோடு திறந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இதைத் தொடங்க வேண்டும் என்று உங்கள் இதழ் மூலம் கேட்டுக்கொள்கிறேன். நோயாளியைச் சேர்க்கும்போதே "இவருக்கு என்ன பாட்டு பிடிக்கும்" என்று வீட்டாரிடம் கேட்டு கேஸ் ஷீட்டில் எழுதிக்கொள்ளலாம். செல்போன்தான் சிக்கல் என்றால், மெமரி கார்டு போடும் சின்ன பிளேயரும் ஸ்பிரிட்டால் துடைக்கிற மாதிரி ஹெட்போனும் போதும். நோயாளி தலையாட்டி வேண்டாம் என்றால் உடனே கழற்றிவிட வேண்டும்.

முதல் இரண்டு செட்டை வாங்கித்தர எங்கள் தோட்டத்து லைன் வீடுகளில் இருப்பவர்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோத்தகிரி.