பேரன் போகிற ஊர்

கல்லிடைக்குறிச்சி
ஆனி 20

அன்புள்ள சுடலைமுத்துவுக்கு,

உம்ம கடிதம் கிடைத்தது. பேரனுக்குக் கிர்கிஸ்தானில் இருக்கிற ஓஷ் நகரத்தில் டாக்டர் படிப்புக்கு இடம் கிடைத்ததில் எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் சந்தோஷம். "நீர்தான் அந்த ஊரைப் பார்த்தவராச்சே, பனியைத் தவிர அங்க என்னவே இருக்கு?" என்று கேட்டிருக்கிறீர். தங்கச்சி மகள் பட்டம் வாங்கினபோது மாப்பிள்ளையோடு போய்விட்டு வந்ததை நீர் இன்னும் மறக்கவில்லை போல. போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் அரசியலுக்குத் தாவிவிடுவீர். அதான் எழுத உட்கார்ந்தேன்.

ஊர்ச் சங்கதி கொஞ்சம்தான். கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்தாயிற்று, கன்னடியன் கால்வாயிலும் வருகிறது. போன பிசானப் போகம் நன்றாக விளைந்தது, விலையைத்தான் கேட்கக் கூடாது. எனக்கு மூட்டுவலி. படித்துறையில் இறங்கினால் ஏறுவதற்கு ஆள் வேண்டியிருக்கிறது.

சரி, ஓஷுக்கு வருவோம். தலைநகர் பிஷ்கெக்கில் இறங்கி வாடகைக் காரில் மலைப்பாதையில் போனோம். ஒரு முழுப் பகல் ஆகிறது. மூவாயிரம் மீட்டருக்கு மேலே ஒரு சுரங்கப்பாதை வருகிறது. அதைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி, குதிரைகள், வட்டக் கூடாரங்கள். ரோட்டோரத்தில் குதிரைப்பால் விற்கிறார்கள். கூடவே உருண்டை உருண்டையாக ஒன்று வைத்திருக்கிறார்கள், தயிரை வடித்து உப்புப் போட்டுக் காயவைத்தது. மோர்மிளகாயில் மிளகாயை எடுத்துவிட்டு மோரை மட்டும் தின்றால் எப்படி இருக்கும், அப்படி. மாப்பிள்ளை ஒன்றைக் கடித்துவிட்டு ஜன்னல் கண்ணாடியை இறக்கினார்.

அப்புறம் வந்தது டோக்டோகுல் அணை நீர்த்தேக்கம். முப்பது வருசமா ஷட்டரைத் திருகின லஸ்கர் நான், அணை என்றால் சும்மா பார்த்துவிட்டுப் போக முடியுமா? காரை நிறுத்தச் சொன்னேன். பச்சையும் நீலமுமாகத் தண்ணீர். சுற்றியிருக்கிற மொட்டை மலைகளில், எந்தெந்த வருசம் எவ்வளவு இறங்கியது என்று வரிவரியாகத் தடம். பாபநாசம் அணை 5.5 டி.எம்.சி. பிடிக்கும், மேட்டூர் 93. இது 690 டி.எம்.சி.க்குக் கிட்டத்தட்ட! ஏழு மேட்டூர்வே. 215 மீட்டர் உயரச் சுவர், 1200 மெகாவாட்டுக்குக் கட்டின மின்நிலையம். நாரின் என்கிற ஆற்றை அங்கே மறித்திருக்கிறார்கள். அந்த ஆறு பெர்கானா சமவெளிக்கு இறங்கி, காரா தாரியாவோடு சேர்ந்து சிர் தாரியா ஆகிறது. நாரினையும் சேர்த்தால் 3000 கிலோமீட்டருக்கு மேல் நீளம். நம்ம தாமிரபரணி 128.

நீர் பனியைத் தவிர என்ன என்று கேட்டீர். அந்தப் பக்கத்து நாடுகளுக்கு எல்லாமே பனிதான். சமவெளியில் மழை அற்பம். தியன் ஷான், பாமிர் மலைகளில் குளிர்காலம் முழுக்கப் பனி விழுந்து கிடக்கும். வெயில் ஏறுகிறபோது, பயிருக்குத் தண்ணீர் தேவைப்படுகிற அதே மாசங்களில், உருகி இறங்கும். நமக்குத் தென்மேற்குப் பருவம் பொதிகையில் பெய்து கார் போகத்துக்கு வரும், வடகிழக்கு பிசானத்துக்கு வரும். அவர்களுக்கு மலைதான் முதல் அணை. தஜிகிஸ்தானில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் மலை. அங்கே பெட்சென்கோ என்று ஒரு பனியாறு 77 கிலோமீட்டர் நீளம் கிடக்கிறது. அந்தப் பனியாறுகள் இப்போது சுருங்கி வருகின்றன என்பதுதான் எல்லோருக்கும் கவலை.

கதை இங்கேதான் முடிச்சுப் போடுகிறது. மேலே இருக்கிற கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான் இரண்டுக்கும் தண்ணீர் உண்டு, எண்ணெயும் எரிவாயுவும் பேருக்குத்தான். கீழே இருக்கிற கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான், துர்க்மெனிஸ்தான் மூன்றுக்கும் எண்ணெய், எரிவாயு, நிலக்கரி எல்லாம் உண்டு, தண்ணீர் மேலே இருந்து வர வேண்டும். சோவியத் காலத்தில் மாஸ்கோ ஒரே கணக்காக முடித்துவிட்டது: கோடையில் மேலே இருப்பவன் ஷட்டரைத் திறந்து பருத்திக்குத் தண்ணீர் விட வேண்டும், குளிர்காலத்தில் கீழே இருப்பவன் கரியும் எரிவாயுவும் மேலே அனுப்ப வேண்டும். 1991-ல் அஞ்சும் தனித்தனி நாடுகளான பிறகு, கீழே இருப்பவன் எரிவாயுவுக்கு ரொக்கம் கேட்டான். மேலே இருப்பவன் என்ன செய்வான்? தண்ணீரைக் கோடையில் பிடித்து வைத்து, குளிர்காலத்தில் டர்பைன் ஓட்டத் திறந்தான். வீட்டுக்கு வீடு கரண்ட் அடுப்பில்தான் குளிர்காய வேண்டும். மைனஸ் இருபதில் எவனும் பக்கத்து நாட்டுப் பருத்தியை நினைக்க மாட்டான். கீழே ஆறு உறைந்து கிடக்கிற நேரத்தில் இந்தத் தண்ணீர் போய் கஜகஸ்தானில் ஊருக்குள் ஏறியது. நமக்கு 2023-ல் மார்கழி பிறந்ததும் பிறக்காததுமாக வந்த வெள்ளம் வானத்தைப் பிய்த்துக்கொண்டு வந்தது. அவர்களுக்கு ஷட்டர் வழியாக வந்தது. அந்தக் குளிர்காலத் தண்ணீரைப் பிடித்து வைக்கவே கோக்சராய் என்று தனியாக ஒரு நீர்த்தேக்கம் கட்டினார்கள்.

பாபநாசத்தில் 1944-லிருந்து மின்சாரம் எடுக்கிறோம். டர்பைனைச் சுற்றிவிட்டு வருகிற தண்ணீர் அப்படியே வயலுக்குப் போகிறது. எனக்கு இத்தனை வருசமாக அது ஒரு பெரிய விஷயமாகவே தோன்றியதில்லை. அந்த டோக்டோகுல் கரையில் நின்றபோதுதான், தலைமடையும் கடைமடையும் ஒரே மாநிலத்தில் இருப்பது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்று பட்டது. 1986 வரை ஒரே மாவட்டமாகவே இருந்தோம். அப்படியும் ஸ்ரீவைகுண்டத்துக்காரர்கள் நம்மைத் திட்டாத வருசம் உண்டா?

ஓஷில் தெருவோரம் சின்னச் சின்ன வாய்க்கால் ஓடும், அரிக் என்பார்கள். உருகின பனித்தண்ணீர், கை வைத்தால் விறைக்கும். நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா சாயங்காலம் ஒரு கையகலத் தகரத்தைச் செருகி வாய்க்காலை மறித்து, தோட்டத்து வாதுமை மரங்களுக்குப் பாய்ச்சுவாள். மரம் நனைந்ததும் தகரத்தை உருவி அடுத்த வீட்டுக்கு விட வேண்டும். ஒரு நாள் நேரமாகிவிட்டது, பக்கத்து வீட்டுக் கிழவர் வேலிக்கு மேலே தலையை நீட்டிச் சத்தம் போட்டார். பாஷை தெரியாவிட்டாலும் எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது!

இதே சண்டை நாட்டுக்கு நாடு வந்தால் சிரிப்பாக இருக்காது. பெர்கானா பகுதியில் மூன்று நாட்டு எல்லைகள் பின்னிப் பிணைந்து கிடக்கின்றன. 2021 ஏப்ரலில் கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான் எல்லையில் தண்ணீர் பிரிக்கிற இடத்துக் கம்பத்தில் ஒரு கேமரா மாட்டப் போனதில் கல்லெறி ஆரம்பித்து, துப்பாக்கிச் சூடாகி, ஐம்பது பேருக்கு மேல் செத்துப்போனார்கள். 2025 மார்ச்சில் இரண்டு நாட்டுத் தலைவர்களும் எல்லை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். உம்ம பேரன் போகிற நேரத்துக்கு அந்த மட்டில் நிம்மதி.

ஆரல் கடலை நாம் பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் இருக்கும், உலகத்தின் நாலாவது பெரிய ஏரி என்று. 1960 கணக்கு அது. 68,000 சதுர கிலோமீட்டர் இருந்தது. அதில் வந்து சேர்ந்த இரண்டு ஆறுகளான சிர் தாரியாவையும் ஆமு தாரியாவையும் பாலைவனப் பருத்திக்குத் திருப்பினார்கள். துர்க்மெனிஸ்தானுக்குள் காராகும் கால்வாய் மட்டும் 1300 கிலோமீட்டருக்கு மேல். ஆரல் வற்றி, மீன் டப்பா தொழிற்சாலை வைத்திருந்த உஸ்பெகிஸ்தானின் மொய்னாக் துறைமுகத்தில் இப்போது துருப்பிடித்த படகுகள் மணலில் நிற்கின்றன. தண்ணீர் நூறு கிலோமீட்டருக்கு அப்பால். நம்ம கொற்கையிலிருந்தும் கடல் ஆறேழு கிலோமீட்டர் விலகித்தான் போயிருக்கிறது. ஆனால் அது ரெண்டாயிரம் வருசமாக ஆறு வண்டல் கொண்டுவந்து தள்ளித் தள்ளி நடந்தது. அங்கே ஆறு வந்து சேராததால் ஒரு மனுஷன் ஆயுசுக்குள்ளேயே கடல் போய்விட்டது. கோவில்பட்டிக் கரிசலில் நம்ம தாத்தாமார் பருத்தி போட்டது வானத்தை நம்பி. இந்தப் பாலைவனப் பருத்தி வாய்க்காலை நம்பி. எனக்கு யார்மேல் கோபம் என்றால், மண்ணைப் பாராமல் வரைபடத்தில் கோடு போட்டவன்மேல்தான்.

ஒரு நல்ல சேதியும் உண்டு. வற்றி இரண்டு துண்டான ஆரலில், வடக்குத் துண்டின் தண்ணீர் தெற்கே ஓடிவிடாமல் 2005-ல் கஜகஸ்தான் கோக் ஆரல் என்று ஒரு கரை போட்டது. தண்ணீர் ஏறி, உப்பு குறைந்து, மீன் திரும்பி வந்தது. வெறும் கரை ஒன்றும் ஒரு மதகும்தான். தெற்கு ஆரலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

மண்ணுக்குள் இருக்கிற செல்வத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், நீர் எப்படியும் கேட்பீர். உலக யுரேனியத்தில் ஐந்தில் இரண்டு பங்கு கஜகஸ்தானில் எடுக்கிறார்கள், நம் நாடும் வாங்கியிருக்கிறது. காஸ்பியன் பக்கம் எண்ணெய். துர்க்மெனிஸ்தானில் எரிவாயு, பெரும்பகுதி சீனாவுக்குக் குழாயில் போகிறது. உஸ்பெகிஸ்தானில் முருன்தாவ் தங்கச் சுரங்கம், கிர்கிஸ்தானில் 4000 மீட்டர் உயரத்தில் கும்தோர் தங்கச் சுரங்கம். எனக்குப் பிடித்தது தங்கம் இல்லை. ஓஷுக்கு வடக்கே அர்ஸ்லான்பாபில் இருக்கிற அக்ரூட் காடு. மலை மலையாகத் தானாக வளர்ந்த மரங்கள். ஒரு பை வாங்கி வந்தேன், வீட்டில் பாயசத்தில் போட்டே தீர்த்துவிட்டார்கள்.

இப்போது புதுசாக ஒரு பங்காளி சேர்ந்திருக்கிறான். ஆப்கானிஸ்தான் 2022-லிருந்து கோஷ் தெபா என்று 285 கிலோமீட்டர் கால்வாய் வெட்டுகிறது, ஆமு தாரியாவிலிருந்து. 1992-ல் அஞ்சு நாடும் போட்ட தண்ணீர்ப் பங்கீட்டில் ஆப்கானிஸ்தான் கிடையாது. அவர்களுக்கும் வயல் உண்டு, பசி உண்டு, வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்? ஆனால் மண் கால்வாய், உள்ளே பூச்சு இல்லையென்றால் எவ்வளவு கசியும் என்று என்னிடம் கேளும். கீழே இருக்கிற உஸ்பெகிஸ்தானும் துர்க்மெனிஸ்தானும்தான் அந்தக் கசிவுக்கும் சேர்த்துக் குறைத்துக்கொள்ள வேண்டும். நல்லவேளையாக மற்ற பக்கம் பேச்சு கொஞ்சம் இளகியிருக்கிறது. டோக்டோகுலுக்கு மேலே கம்பராதா என்று ஒரு அணையை கிர்கிஸ்தான், கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான் மூன்றும் கூட்டாகக் கட்டப் பேசி வைத்திருக்கிறார்கள். தலைமடைக்காரன் அணையில் கடைமடைக்காரன் பணம் போட்டால் ஷட்டர் திறக்கிற தேதிக்கு இரண்டு பேரும் உட்கார்ந்து பேசித்தானே ஆக வேண்டும்?

பேரனுக்குச் சொல்ல வேண்டியது: உம்ம மும்பையில் ஸ்வெட்டர் வாங்கிக் காசைக் கொட்ட வேண்டாம், அந்தக் குளிருக்கு அது காணாது. கோட்டும் பூட்ஸும் அங்கே பஜாரில் வாங்கிக்கொள்ளட்டும். குளிர்காலத்தில் கரண்ட் போகும், வீட்டுக்கு வீடு கரண்ட் அடுப்பு என்று மேலே எழுதினேனே. நிலநடுக்கம் வருகிற பூமி, கட்டில் கால் ஆடினால் பயந்து ஓடாமல் மேசைக்கு அடியில் ஒதுங்கி, ஆட்டம் நின்றதும் வெளியே வரச் சொல்லும். பருப்புப்பொடி நிறையக் கொடுத்துவிடும். டிக்கெட் போட்டதும் தேதியைத் தெரிவியும். தங்கச்சி மகளோடு படித்த பையன் ஒருவன் இன்னும் ஓஷில்தான் இருக்கிறான், விமான நிலையத்துக்கு வரச் சொல்கிறேன்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லும்.

உம்ம
கோமதிநாயகம்