கீழடிக்கு அரை மணி நேரம் போதாது

ஆசிரியருக்கு,

தென்னிந்தியச் சுற்றுலா பற்றிச் சென்ற வார இதழில் வந்த கட்டுரை, மதுரையிலிருந்து இராமேஸ்வரம் போகும் வழியில், பழந்தமிழர் வாழ்ந்த இடத்தைத் தோண்டி ஆராயும் கீழடியை அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம் என்கிறது. மலையகத்திலிருந்து யாத்திரைக் குழுவோடு போகிறவர்கள் இதை நம்பிப் போனால் ஏமாற்றமே மிஞ்சும்.

நம்மவர்கள் பிள்ளைகளோடு போவது பெரும்பாலும் டிசம்பர் விடுமுறையில்தான். அகழாய்வோ வழக்கமாகச் செப்டம்பரோடு முடிந்துவிடும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் குழிகளைத் தார்ப்பாய் போட்டு மூடுவார்கள், அல்லது மண்ணிட்டு நிரப்புவார்கள். தோண்டுவது பெரும்பாலும் விவசாயிகளின் தென்னந்தோப்புகளில். பதிவு முடிந்ததும் நிலத்தைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். வேலை நடப்பதைப் பார்க்க ஓகஸ்ட் விடுமுறைதான் ஏற்றது. பணி தொடங்கும் மாதம் ஆண்டுக்காண்டு மாறும் என்பதால் டிக்கெட் போடுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்தைப் பருவம் பார்க்காமல் போய்ப் பார்க்கலாம்.

குழியருகே நிற்கும்போது பொருளைத் தேட வேண்டாம், சுவரைப் பாருங்கள். இரண்டு குழிகளுக்கு நடுவே ஒரு மண்வரம்பை வெட்டாமல் விட்டிருப்பார்கள். அதன் முகத்தில் மண் பட்டை பட்டையாக நிறம் மாறும்: மேலே உழுத மண், கீழே பானையோடு கலந்த மண், எங்காவது சாம்பல் படிந்த கறுப்புக் கோடு, அடியில் மனிதர் கைபடாத கன்னிமண். ஒவ்வொரு அடுக்கிலும் எண் எழுதிய சிறு அட்டை குத்தியிருக்கும். கீழடியின் வயதைச் சொன்னது இந்த அடுக்குகள்தான். 353 சென்ரிமீற்றர் ஆழத்தில் எடுத்த மாதிரி பொ.ஆ.மு. (கி.மு.) 580 என்றும், 200 சென்ரிமீற்றரில் எடுத்தது பொ.ஆ.மு. 205 என்றும் கரிமப் பகுப்பாய்வில் தெரியவந்தது. வரம்பில் ஏறி நின்று செல்ஃபி எடுத்தால் விளிம்பு சரியும். மேலடுக்கு மண் கீழடுக்கில் விழுந்து கலந்துவிட்டால் அந்தச் சான்றை மீட்க வழியே இல்லை.

தரையில் கிடக்கும் ஓட்டுத்துண்டு ஒன்றைக்கூடப் பையில் போடக் கூடாது. தொல்பொருளை நாட்டைவிட்டுக் கொண்டுபோவது இந்தியாவின் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பழந்தமிழ் எழுத்தில் கீறிய ‘குவிரன் ஆதன்’ என்ற ஆள்பெயர் நமக்குக் கிடைத்ததும் அப்படியொரு உடைந்த ஓட்டிலிருந்துதான். கறுப்பு-சிவப்புப் பானைகளை அருங்காட்சியகத்தில் நிதானமாகப் பாருங்கள். கவிழ்த்துச் சுட்டதால் காற்றுப் படாத உட்புறமும் வாய்ப்பகுதியும் கறுத்திருக்கும், வெளிப்புறம் சிவந்திருக்கும். குழிகளுக்கும் கூடத்துக்குமாக மூன்று மணி நேரம் வேண்டும். நுவரெலியாக் குளிரில் பழகிய உடம்புக்கு மதுரை வெயில் கடுமை, அதனால் காலையிலேயே போய், ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீராவது கையில் வைத்திருங்கள்.

சாப்பாட்டில் கட்டுரையாளர் ஜிகர்தண்டாவோடு நின்றுவிட்டார். ஊறிய பாதாம் பிசினும் சுண்டக் காய்ச்சிய பாலும் நன்னாரி சர்பத்தும் சேர்ந்த நல்ல பானம்தான். ஆனால் வெயிலில் நின்ற சூட்டோடு குடித்தால், அதிலும் ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்று தெரியாத கடையில் குடித்தால், மறுநாள் பயணம் கெடும். முதலில் பருத்திப்பாலைத் தேடுங்கள். பருத்தி விதையை இரவு முழுக்க ஊறவைத்து, ஆட்டி, இரண்டு மூன்று முறை பால் பிழிந்து, அரிசி மாவு கரைத்து விட்டுக் கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய் போட்டுக் காய்ச்சுகிறார்கள். சரியாக வடிகட்டாவிட்டால் தொண்டையில் அறுக்கும். அடுப்பிலிருந்து இறக்கியதைச் சுடச்சுட வாங்குங்கள், மேலே தூவும் தேங்காய்ப்பூவை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். கறிதோசைக்கு மாலையில் போகலாம்.

டிசம்பரை விட்டால் வேறு வழியில்லை என்பவர்கள், திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகும் வழியில் ஆதிச்சநல்லூரில் இறங்கலாம். அங்கே இறந்தோரைப் புதைத்த பெரிய மண்பானைகளான முதுமக்கள் தாழிகளைக் கண்டெடுத்த இடத்திலேயே விட்டு, மேலே கண்ணாடித் தளம் அமைத்திருக்கிறார்கள். மழை பெய்தாலும் நின்று பார்க்கலாம்.

வாசகர் ஒருவர்,
ஹட்டன்.