பேர் சொல்லிக் கூப்பிடும் உரிமை யாரிடம் இருக்கிறது?

ஆசிரியருக்கு,

வணக்கம். நிர்வாகிகளுக்கான பக்கத்தில் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தனக்குக் கீழே வேலை பார்ப்பவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் அவர்கள் மனம் குளிரும், வேலையில் ஒட்டுதல் வரும், மேல் கீழ் என்ற இடைவெளி குறையும் என்று அதில் எழுதியிருந்தார்கள். முதல் இரண்டும் சரியாக இருக்கலாம். மூன்றாவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பேர் போய், மறு பக்கத்திலிருந்து 'சார்' மட்டும் திரும்பி வந்துகொண்டிருந்தால் அந்த இடைவெளி எப்படிக் குறையும்? ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் யார் மேலே, யார் கீழே என்பது இன்னொரு தரம் உறுதியாகிறது, அவ்வளவுதான்.

நான் பல வருடம் கவுன்ட்டரில் நின்று வேலை பார்த்தவள். உடையில் பெயர் அட்டை குத்தியிருக்க வேண்டும். எதிரே நிற்பவருக்கு என் பேர் தெரியும், அவர் பேர் எனக்குத் தெரியாது. காரியம் சுமுகமாகப் போகிறவரை யாரும் அந்த அட்டையைக் கவனிப்பதே இல்லை. கொஞ்சம் தாமதமாகிவிட்டால் போதும், பார்வை முகத்திலிருந்து அட்டைக்கு இறங்கும். எழுத்துக் கூட்டுவதுபோல் நிறுத்தி நிதானமாக என் பேரைச் சொல்வார்கள். அதற்குப் பிறகு அவர்கள் புகார் என்று ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியதில்லை. பேரைச் சொன்ன விதத்திலேயே எல்லாம் வந்துவிடும். பதிலுக்கு நான் 'சார்', 'மேடம்' என்று மட்டும்தான் சொல்ல முடியும். அபூர்வமாகச் சிலர் முதலில் தங்கள் பேரைச் சொல்லி அறிமுகப்படுத்திக்கொண்டு, அப்புறம்தான் என் பேரைச் சொல்வார்கள். அவர்களிடம் பேசும்போது என் குரல் தானாகவே இயல்பாகிவிடும். 'கொஞ்சம் பொறுங்கள், இது இன்று முடியாது' என்று தயங்காமல் சொல்ல முடியும். அவர்களுக்கும் அது கோபம் வரவழைக்காது.

பேருக்கு இந்தப் பிடி எங்கிருந்து வருகிறது? 1959-இல் நெவில் மோரே என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். இரண்டு காதிலும் வேறு வேறு பேச்சு ஒலிக்கும். ஒரு காதில் கேட்பதை மட்டும் அப்படியே திருப்பிச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். மறு காதில் என்ன ஓடியது என்று கேட்டால் அநேகமாக யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஆனால் அந்தக் காதில் அவரவர் பேர் சொல்லப்பட்டபோது மட்டும் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அதைக் கவனித்துவிட்டார்கள். கவனிக்க வேண்டும் என்று நினைக்காத காதிலும் பேர் புகுந்துவிடுகிறது. கூப்பிட்டால் திரும்பாமல் இருக்க முடிவதில்லை. அப்படியானால் ஒருவர் பேரைச் சொல்வது என்பது அவர் கவனத்தைக் கேட்காமலே எடுத்துக்கொள்வது. அந்த உரிமை இருவருக்கும் இருந்தால் நட்பு. ஒருவருக்கு மட்டும் இருந்தால் அதற்கு வேறு பேர்.

இதை ஆராய்ந்தவர்களும் உண்டு. ரோஜர் பிரவுன், மார்கரீட் ஃபோர்டு என்ற இருவர் அமெரிக்க ஆங்கிலத்தில் யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்து 1961-இல் எழுதினார்கள். சமமானவர்கள் என்றால் இரு பக்கமும் பேர், அல்லது இரு பக்கமும் மரியாதைப் பட்டம். வயதிலோ பதவியிலோ ஏற்றத்தாழ்வு இருந்தால் மேலே இருப்பவர் பேர் சொல்வார், கீழே இருப்பவர் பட்டம் சொல்வார். இது நாம் அறிந்ததுதான். அவர்கள் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பட்டத்தை விட்டுவிட்டுப் பேருக்கு மாறலாம் என்ற முதல் அடியை எடுத்து வைப்பதும் பெரும்பாலும் மேலே இருப்பவர்தான். 'என்னைப் பேர் சொல்லியே கூப்பிடுங்கள்' என்று மேலதிகாரி சொல்லலாம். கீழே இருப்பவர் ஒரு நாள் காலையில் தானாகவே அப்படிக் கூப்பிட்டுப் பார்க்கட்டும், அறையில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதனால் நிர்வாகிகளுக்கு அறிவுரை சொல்வதென்றால் இந்த இடத்தில்தான் தொடங்கியிருக்க வேண்டும். சுவீடனில் 1967-இல் புரோர் ரெக்செட் என்பவர் நாட்டின் மருத்துவத் துறையின் தலைவராகப் பொறுப்பேற்றார். ஊழியர்களிடம் பேசியபோது, இனி எல்லோரையும் நெருக்கமானவர்களிடம் பேசும் ஒருமையிலேயே அழைக்கப்போவதாகவும், தன்னைப் புரோர் என்றே கூப்பிடலாம் என்றும் அறிவித்தார். அதுவரை பதவிப் பெயரைச் சொல்லித்தான் பேச வேண்டும் என்றிருந்த நாட்டில் அது பெரிய செய்தி. மாற்றம் அதற்கு முன்பே மெதுவாகத் தொடங்கிவிட்டது என்றாலும் அவர் பேர் அதோடு ஒட்டிக்கொண்டது. அவர் ஊழியர்களின் பேரை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை, தன் பேரையும் கொடுத்தார். உங்கள் கட்டுரையில் இல்லாதது இந்த இரண்டாவது பாதிதான்.

எல்லோரும் எல்லோரையும் பேர் சொல்லியே அழைக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. சில இடத்தில் பட்டம்தான் மானம். 1963-இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மேரி ஹாமில்டன் என்ற கறுப்பினப் போராளி நீதிமன்றத்தில் சாட்சிக் கூண்டில் நின்றார். அரசு வழக்கறிஞர் அவரை 'மேரி' என்று கூப்பிட்டுக் கேள்வி கேட்டார். வெள்ளையர்களை மரியாதையோடு அழைப்பதும் கறுப்பர்களைப் பேர் சொல்லி அழைப்பதும் அங்கே வழக்கமாக இருந்தது. 'மிஸ் ஹாமில்டன்' என்று அழைத்தால் ஒழியப் பதில் சொல்ல மாட்டேன் என்று அவர் மறுத்தார். நீதிமன்ற அவமதிப்பு என்று ஐந்து நாள் சிறையும் ஐம்பது டாலர் அபராதமும் விதித்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1964-இல் அந்தத் தண்டனை ரத்தானது. தன் சொந்தப் பேரால் கூப்பிட்டதற்காக ஒரு பெண் சிறைக்குப் போகத் துணிந்தார் என்பதை யோசித்துப் பாருங்கள். பேர் சொன்னாலே அன்பு என்று சொல்லிவிட முடியுமா?

பேரே இல்லாமல் இருப்பதும் இன்னொரு கொடுமை. அதே நாட்டில் புல்மேன் ரயில் பெட்டிகளில் வேலை பார்த்த கறுப்பினப் பணியாளர்களைப் பயணிகள் 'ஜார்ஜ்' என்றே கூப்பிட்டார்கள். அது முதலாளி ஜார்ஜ் புல்மேனின் பேர். அடிமைக்கு எஜமானன் பேரை வைத்த பழக்கத்தின் மிச்சம். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்க, வேலை நேரம் முழுக்க முதலாளியின் பேருக்குத் திரும்பிப் பார்த்தார்கள். இன்றும் காவலாளியை, சுத்தம் செய்பவரை, உணவு கொண்டு வருபவரைச் செய்யும் வேலையை வைத்தே எத்தனை பேர் கூப்பிடுகிறோம்! அவர்களுக்குப் பேர் சொல்லிக் கூப்பிடப்படுவதே ஒரு படி ஏற்றம்தான், அதை நான் மறுக்கவில்லை. அதே படியில் அவர்களை நிறுத்திவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

இதில் பெண்களின் அனுபவம் தனி. அமெரிக்காவில் மருத்துவர்கள் கூடும் கருத்தரங்குகளில் பேச்சாளரை எப்படி அறிமுகம் செய்கிறார்கள் என்று ஆராய்ந்து 2017-இல் ஒரு கட்டுரை வெளியானது. ஆண்கள் அறிமுகம் செய்தபோது, பேச வந்தவர் ஆண் என்றால் 72 சதவீதம் தடவை 'டாக்டர்' என்று சொன்னார்கள். பெண் என்றால் 49 சதவீதம்தான். படிப்பு ஒன்று, மேடையும் ஒன்று. இருந்தும் பாதித் தடவை அந்தப் பெண்கள் வெறும் பேரோடு மேடையேறினார்கள். கேட்டால் 'உரிமையோடு சொன்னேன்' என்பார்கள். அந்த உரிமை ஏன் பெண்கள் பக்கம் மட்டும் அதிகமாகப் பாய்கிறது?

நல்ல உதாரணமும் மருத்துவத்திலேயே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில், கத்தி வைப்பதற்கு முன் அறையில் உள்ள ஒவ்வொருவரும் தன் பேரையும் தன் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி உண்டு. தலைமை மருத்துவரும் சொல்ல வேண்டும், உதவிக்கு நிற்கும் செவிலியரும் சொல்ல வேண்டும். ஒருமுறை வாய் திறந்து பேசிவிட்டவர், பிறகு ஏதாவது தவறாகப் பட்டால் சொல்லத் தயங்க மாட்டார் என்பது அதன் பின்னால் உள்ள எண்ணம். இங்கே யாரும் யார் பேரையும் எடுத்துக்கொள்ளவில்லை. அவரவர் பேரை அவரவரே சொல்கிறார்கள். எந்த அலுவலகக் கூட்டத்திலும் காசு செலவில்லாமல் இதைச் செய்யலாம்.

கடைசியாக, உங்கள் பத்திரிகையிடமே ஒரு வேண்டுகோள். அதே இதழில் ஒரு திறப்பு விழாப் படம் வந்திருக்கிறது. ரிப்பன் வெட்டுபவர்கள் அத்தனை பேருக்கும் இடமிருந்து வலமாகப் பேரும் பதவியும் போட்டிருக்கிறீர்கள். ஓரத்தில் தட்டு ஏந்தி நிற்கும் பெண்ணுக்கு எதுவுமில்லை. இரண்டு பக்கம் தள்ளி ஒரு நேர்காணல். அதில் பேராசிரியர் ஒருவரைக் கடைசிவரை 'பேராசிரியர்' என்றே எழுதியவர்கள், அவரோடு சேர்ந்து பேசிய பெண் ஆய்வாளரை இரண்டாம் பத்தியிலிருந்தே வெறும் பேராக்கிவிட்டீர்கள். வேண்டுமென்று செய்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். இனி படம் எடுக்கும்போதும் பேட்டி காணும்போதும், உங்களை எப்படிக் குறிப்பிட வேண்டும் என்று அவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு வார்த்தை கேட்டு, அவர்கள் சொன்னபடியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி