பெண் தேள் என்றும் 2 வயது என்றும் சொல்லி விற்றது தொடர்பான புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவை
பொருள்: பால், வயது, ஆயுள் பற்றித் தவறான விபரத்துடன் விற்கப்பட்ட எம்பரர் தேள்

மதிப்புக்குரிய ஐயா,

உங்கள் கிழக்கு லண்டன் கடையில் நீங்களும் பணியாளர்களும் தமிழர் என்பதால் இதைத் தமிழிலேயே எழுதுகிறேன். 2023 மார்ச் மாதம் அங்கே ஒரு எம்பரர் தேள் வாங்கினேன். ஊரில் நட்டுவக்காலி என்போமே, அதைப் போன்ற பெரிய கருந்தேள். மேற்கு ஆபிரிக்காவைச் சேர்ந்தது. பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டில் "பெண், வயது 2, 8 ஆண்டு வாழும்" என்று எழுதியிருந்தது. ஆணுக்கு 35 பவுண், பெண்ணுக்கு 55 பவுண். பெண் தேள்கள் பொதுவாகக் கூடுதல் காலம் வாழும் என்று பணியாளர் சொன்னார். நான் 20 பவுண் கூடக் கொடுத்ததும் அதற்காகத்தான்.

14 மாதத்தில் அது இறந்துவிட்டது.

பராமரிப்பில் பிழை என்று நீங்கள் சொல்லக்கூடும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டிக்குள் தென்னந்தும்பு மண் ஆழமாகப் போட்டிருந்தோம். வெப்பம் 25 முதல் 28 பாகை, ஈரப்பதம் 75 வீதத்துக்கு மேல். இரண்டையும் என் மகள் தினமும் கொப்பியில் குறித்து வைத்தாள். வாரம் ஒருமுறை கிரிக்கெட் பூச்சி. கொப்பியின் பக்கங்களைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

இறந்த பிறகுதான் அதைத் திருப்பிப் பார்த்தோம். விலங்கியல் படித்த நண்பர் ஒருவர் வந்திருந்தார். கடைசிக் கால் சோடிக்குப் பின்னால் அடிவயிற்றில் சீப்பு மாதிரி இரண்டு உறுப்புகள் உண்டு. ஆணுக்கு அவை நீளமாக இருக்கும், பெண்ணுக்குக் குட்டையாக இருக்கும். அதற்குச் சற்று முன்னால் பிறப்புறுப்பை மூடும் சிறு தகட்டின் வடிவமும் வேறுபடும். பார்த்தவுடனேயே அவர் ஆண் என்று சொல்லிவிட்டார். படங்கள் இத்துடன் உள்ளன. உயிரோடு இருக்கும்போதே தெளிவான பிளாஸ்ரிக் டப்பாவில் விட்டுக் கீழிருந்து பார்த்தால் இது தெரியும், ஒரு நிமிட வேலை. உங்கள் பணியாளரோ "உடம்பு பருத்திருக்கு, அப்ப பெண்தான்" என்றார். நன்றாகத் தின்ற ஆணும் பருத்துத்தான் இருக்கும்.

அடுத்தது வயது. தேள் முழு வளர்ச்சி அடைந்த பிறகு தோல் உரிப்பதில்லை, வளர்வதும் இல்லை. ஆகவே வளர்ந்த தேளைப் பார்த்து அதற்கு 2 வயதா 6 வயதா என்று யாராலும் சொல்ல முடியாது. பிறந்த நாளை யாரோ குறித்து வைத்திருந்தால்தான் தெரியும். அந்தப் பதிவைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் இல்லை. வாங்கிய அன்றோ அதே பணியாளர், "காட்டில் பிடித்து வந்தது, வயிற்றில் குட்டி இருக்கலாம்" என்றார். காட்டில் பிடித்தது என்றால் 2 வயது என்று எப்படி எழுதினீர்கள்? பண்ணையில் பிறந்தது என்றால் காட்டில் பிடித்தது என்று ஏன் சொன்னீர்கள்? இரண்டில் ஒன்று பொய்யாகத்தான் இருக்க வேண்டும். இந்த இனத்தின் வணிகம், காட்டுயிர்களின் சர்வதேச வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலின் கீழ் கட்டுப்படுத்தப்பட்டது. எங்கிருந்து வந்தது என்ற விபரம் உங்களிடம் இருந்திருக்க வேண்டும்.

அந்தக் குட்டிக் கதைதான் எங்களை அதிகம் நோகச் செய்தது. எம்பரர் தேள் முட்டையிடாது, குட்டி போடும். வெள்ளை வெளேரென்று பிறக்கும் குட்டிகள் முதல் தோல் உரிக்கும் வரை தாயின் முதுகிலேயே இருக்கும். சினைக்காலம் 7 மாதத்துக்கு மேல் என்பதால் மகள் பொறுமையாகக் காத்திருந்தாள். புற ஊதா ஒளி ரோர்ச்சில் தேள் பச்சையாக ஒளிரும் அல்லவா, அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு இரவும் படுக்கப் போகுமுன் முதுகைப் பார்ப்பாள். ஒரு வருடத்துக்கு மேல் பார்த்தாள். அது ஆண் என்று சொன்ன அன்று அவள் ஒன்றும் பேசவில்லை, கொப்பியை மூடி வைத்துவிட்டாள்.

பல தேள் இனங்களில் ஆண் முன்னதாகப் பருவமடைந்து, பெண்ணைவிடக் குறைந்த காலமே வாழும். அது இயற்கை, அதில் எனக்கு முறைப்பாடு இல்லை. ஆண் என்றும் வயது தெரியாது என்றும் சொல்லியிருந்தால் அதையும் சந்தோசமாக வாங்கியிருப்போம். பிள்ளைக்கும் அப்படியே சொல்லி வளர்த்திருப்போம்.

2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி, விற்கும் பொருள் சொன்ன விபரத்துக்கு ஒத்திருக்க வேண்டும். கூடுதலாக வாங்கிய 20 பவுணைத் திருப்பித் தாருங்கள். அதைவிட முக்கியமாக, உங்கள் கடையில் இன்றிருக்கும் தேள்கள் ஒவ்வொன்றையும் அடிப்பக்கம் பார்த்துப் பால் எழுதுங்கள். பிறந்த பதிவு இல்லாதவற்றின் சீட்டில் "வளர்ந்தது, வயது தெரியாது" என்று எழுதுங்கள். 14 நாட்களுக்குள் எழுத்தில் பதிலை எதிர்பார்க்கிறேன்.

தேளின் உடலைக் குளிர்பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறோம். நீங்கள் நேரில் பார்க்க விரும்பினால் சனிக்கிழமை கடைக்கே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்