அருளானந்தரின் அம்மா

சேசு மரி சூசை

தேவகோட்டை
8.2.2026

அன்புள்ள ஆத்தா,

அம்மா எழுதுவது. ஊருக்கு நீ சிஸ்டர். பால்காரர் முதல் பங்குச்சாமி வரைக்கும் "உங்க சிஸ்டர் எப்படி இருக்காங்க" என்றுதான் கேட்கிறார்கள். எனக்கு அந்த வார்த்தை இன்னும் வாயில் வரவில்லை. ஆத்தா என்றே எழுதுகிறேன். உங்கள் மடத்துப் பெரியவர்கள் படித்தாலும் படிக்கட்டும்.

லீவு முடிந்து திரும்பும் உங்கள் சபை சிஸ்டர் இந்த வாரக் கடைசியில் கிளம்புகிறார். அவர் கையில் இந்தக் கடிதமும் ஒரு டப்பா மாவுருண்டையும் வரும். போனில் பேசினால் பாதிப் பேச்சிலேயே உங்கள் பாப்புவா நியூ கினியா மலையில் டவர் போய்விடுகிறது. மீதிப் பேச்சை நான் அடுப்படியில் நின்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன். அதனால்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

போன தடவை அனுப்பிய மாவுருண்டை பொடியாகி, எல்லோரும் ஸ்பூனால் அள்ளித் தின்றீர்கள் என்றாய். தப்பு பெட்டியில் இல்லை, என்மேல்தான். பாசிப்பருப்பைச் சிவக்க வறுத்து, மில்லில் அரைத்து, ஜீனியைப் பொடித்துச் சலித்துக் கலந்து, நெய்யைக் காய்ச்சி ஊற்றினால் சூடு ஆறுவதற்குள் உருட்டியாக வேண்டும். உள்ளங்கை சிவந்துவிடும். கொஞ்சம் ஆறவிட்டு உருட்டினால் கைக்குச் சுகம், ஆனால் உருண்டை நிற்காது. போன தடவை அந்தச் சுகத்தைப் பார்த்துவிட்டேன். இந்தத் தடவை பார்க்கவில்லை. தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதன் 18-ஆம் தேதி வருகிறது. அதற்கு முன்னால் வந்து சேர்ந்தால் நீங்கள் சாப்பிடுங்கள். பிந்தினால் ஈஸ்டர் வரை பூட்டி வைக்காதே, மருந்தகத்துக்கு வரும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடு.

புதன்கிழமை ஓரியூர் போய்வந்தோம். திருவாடானை வழியாகப் போகிற பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. அப்பா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். டாக்டர் எப்போதோ கழற்றச் சொல்லிவிட்டார், இவர்தான் கழற்ற மாட்டேன் என்கிறார். போர்த்துகலிலிருந்து வந்த சாமியார் அருளானந்தரை ஓரியூரில் வெட்டிய 1693 பிப்ரவரி 4-ஆம் தேதியும் புதன்கிழமைதான், அதுவும் விபூதிப் புதன். இந்த வருஷம் கிழமையும் தேதியும் சேர்ந்து வந்ததால் கூட்டம் சொல்லி மாளாது. அவர் ரத்தம் பட்டுச் சிவந்தது என்று செம்மண் எடுக்கிற இடத்தில் ஒரு கிழவி முந்தானையில் மூட்டையாகவே கட்டிக்கொண்டிருந்தாள். "எதுக்கு ஆத்தா இவ்வளவு?" என்றேன். மகன்கள் நாலு பேரும் நாலு நாட்டில் இருக்கிறார்களாம், பங்கு பிரிக்க வேண்டுமாம்.

உனக்கு நான் எடுக்கவில்லை. முதல் தடவை நீ கிளம்பும்போது சிட்டிகை மண்ணைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தேனே, நடுவில் இறங்கிய ஏர்போர்ட்டில் உன் பையைக் குடைந்து, பிற நாட்டு மண் உள்ளே வரக் கூடாது என்று பிடுங்கிக் குப்பையில் போட்டார்களே, அது இன்னும் எனக்கு ஆறவில்லை. சட்டம் சட்டம்தான், பயிர் நோய் வந்துவிடுமாம். ஆனாலும் ஒரு சிட்டிகை.

சரி, நான் சொல்ல வந்தது வேறு. அன்றைக்குப் பிரசங்கத்தில் சாமியார் அருளானந்தருடைய அம்மாவைப் பற்றிச் சொன்னார். லிஸ்பனில் அரண்மனையோடு பழக்கமுள்ள குடும்பம். புருஷன் பிரேசிலில் கவர்னராக இருந்து அங்கேயே இறந்துவிட்டார், அப்போது இந்தப் பையன் சின்னவன். அவனுக்குக் கடுமையான காய்ச்சல் வந்தபோது சவேரியாரிடம் நேர்ந்துகொண்டு, பிழைத்ததும் ஒரு வருஷம் சேசுசபைச் சாமியார் போல அங்கி தைத்துப் போட்டுவிட்டாளாம். அவன் இந்தியாவுக்குப் போகிறேன் என்றபோது தடுக்க எல்லா வழியும் பார்த்தாள். பாப்பரசரின் தூதர் வரைக்கும் போய் முறையிட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. 1673-ல் அவன் கப்பல் ஏறினான். 1687-ல் இங்கே அடி உதையெல்லாம் பட்டு ஒரு தடவை ஊர் திரும்பினான். ராஜாவே இங்கேயே இரு என்றார். இருக்கவில்லை, 1690-ல் மறுபடியும் இந்தியா வந்துவிட்டான். தலையை வெட்டிய செய்தி லிஸ்பனுக்குப் போனபோது ராஜா அவளை அரண்மனைக்குக் கூப்பிட்டனுப்பினார். அவள் துக்க உடை உடுத்தாமல் திருநாளுக்கு உடுத்துவதுபோல் உடுத்தி வந்து நின்றாளாம்.

சாமியார் இதைச் சொல்லி, "இதுதான் விசுவாசம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. நல்ல உடை உடுத்தி வந்தாள், சரி. வீட்டுக்குப் போய் அதைக் கழற்றிப் போட்ட பிறகு என்ன செய்தாள்? அதை எழுதி வைக்க அங்கே யாரும் இல்லை. பிள்ளையைப் போகாதே என்று தூதர் வரை போய் மன்றாடினவள், அவன் போன பிறகு ஒரே நாளில் மாறிவிடுவாளா? அந்தச் செம்மணலில் உட்கார்ந்து நான் அருளானந்தரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய அம்மாவோடுதான் பேசிக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷமாக ஓரியூர் போகிறேன், சிறுமியாக இருந்தபோது சருகணியில் லெவே சாமியின் வெள்ளைத் தாடியைத் தள்ளி நின்று பார்த்திருக்கிறேன். அவர் 1973-ல் இறந்தபோது எங்கள் தெருவே அங்கே போனது. வந்தவர்களைத்தான் கும்பிட்டோம். பிரான்சில் அவரைப் பெற்றவள் என்ன ஆனாள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. நீ போன பிறகுதான் அந்தப் புத்தி வந்தது.

போன மே மாதம் நீ லீவில் இருந்தபோது நான் சொன்னது உனக்கு மறந்திருக்காது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். "அந்த ஊருக்கு நர்சு இல்லைன்னுதானே போனே, இந்த வீட்டுக்கு மட்டும் இருக்கா?" என்று கேட்டேன். நீ ஒன்றும் சொல்லாமல் அப்பாவின் இமையைப் பிரித்துச் சொட்டு மருந்து விட்டாய். கை நடுங்கவில்லை. அதைப் பார்த்து எனக்கு இன்னும் கோபம் வந்தது. ராத்திரி கோழிக்குழம்பைத் தொடாமல் நீ படுத்துக்கொண்டபோதுதான் உனக்கும் வலித்தது என்று தெரிந்தது. கேட்டது தப்பு என்று இப்போதும் எழுத மாட்டேன், பொய்யாகிவிடும். ஆனால் அதற்கு நீ பதில் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் ஊரில் பேசுகிற டோக் பிசினில் துக்கத்துக்கு 'பெல் ஹெவி' என்று சொல்வார்கள் என்றாயே. வயிறு கனக்கிறது. கோபம் வந்தால் 'பெல் ஹாட்', வயிறு சூடு. எண்ணூறுக்கு மேல் பாஷை இருக்கிற நாட்டில், எல்லோருக்கும் பொதுவாக ஒன்றை உண்டாக்கிக்கொண்டு, துக்கத்தை நெஞ்சில் வைக்காமல் வயிற்றில் வைத்திருக்கிறார்கள் பார். பெற்ற வயிறு என்று நாம் சொல்வதை அவர்களுக்கு விளக்கிச் சொல்லவே வேண்டாம். உன் கடிதங்களில் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறது இந்த மாதிரிச் சமாசாரங்களைத்தான். அம்மாக்கள் முடிச்சுப் போட்டுப் பின்னிய பிலும் பையில் குழந்தையைப் போட்டு, பட்டையை நெற்றியில் மாட்டி முதுகில் தொங்கவிட்டு மலை ஏறி வருகிறார்கள், நீங்கள் அந்தப் பையோடு தராசுக் கொக்கியில் மாட்டி எடை பார்க்கிறீர்கள் என்று எழுதியிருந்தாய். நம்ம ஏணைதான் அது, நடக்கத் தெரிந்த ஏணை.

பாக்கு விஷயமும் அப்படித்தான். சுண்ணாம்பும் பாக்கும் சரி, வெற்றிலைக்குப் பதில் பச்சைக் குச்சி மாதிரி ஒன்றைக் கடிக்கிறார்கள், அது வெற்றிலைக் கொடியிலேயே காய்க்கிற காய் என்று எழுதினாய். நம்ம பக்கத்தில் தாம்பாளம் தாம்பாளமாக வெற்றிலை வைக்கிறோம், கொடியில் காய் உண்டென்று எனக்கு இத்தனை வயசுக்குத் தெரியாது. வாயில் புற்று வந்து வருகிறவர்கள் அதிகம் என்று படித்ததும் அப்பத்தா ஞாபகம் வந்துவிட்டது. கடைசி ஆறு மாசம் அவர் வாயைக் கழுவிவிட நாங்கள் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு போவோம். ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த நீ பொத்தவில்லை. உன்னை யார் அழைத்தார்கள் என்று சிஸ்டர்மார் கேட்டால் நீ ஆண்டவர் என்பாய். நான் அப்பத்தா என்பேன்.

சங்குமா என்கிறார்களே, அந்தச் சூனிய விஷயத்தை நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. ஒரு பையன் காய்ச்சலில் செத்ததற்கு அவள்தான் சூனியம் வைத்தாள் என்று ஒருத்தியைத் துரத்திக்கொண்டு வந்ததையும், நீங்கள் ஒரு வாரம் பின்கட்டு அறையில் வைத்திருந்ததையும் நீ ஏதோ மழை பெய்ததைச் சொல்வது மாதிரிச் சொன்னாய். சூனியம் உண்டு என்று ஒப்புக்கொண்ட பழைய சட்டத்தையே 2013-ல் எடுத்துவிட்டார்களாம். சட்டத்தை எடுத்தால் பயம் போய்விடுமா? "ஏன்டி உனக்கு இந்த வம்பு" என்று கத்திவிட்டு போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு, மேலத்தெருக் கிழவி ஞாபகம் வந்தாள். புருஷனும் பிள்ளையும் அடுத்தடுத்துப் போனதால் அவள் கண் பட்டால் ஆகாது என்று சொல்வார்கள். நீ கைக்குழந்தையாக இருந்தபோது அவள் வாசலில் வந்து நின்றால் உன் முகத்தில் முந்தானையைப் போட்டு உள்ளே தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். ஜெபமாலை கழுத்தில் கிடக்கத்தான் போனேன். இதை உன்னிடம் சொன்னதில்லை. நீங்கள் பின்கட்டில் வைத்திருந்த அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள், சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாள் என்று அடுத்த தடவை மறக்காமல் சொல்.

இன்னொன்று. அக்டோபரில் உங்கள் நாட்டு உபதேசியார் பீட்டர் டோ ரோட்டுக்குப் புனிதர் பட்டம் கொடுத்ததை அப்பாவும் நானும் போனில் பார்த்தோம். பாப்புவா நியூ கினியாவுக்கு முதல் புனிதர் என்றாய். சாமியாரும் இல்லை, துறவியும் இல்லை, கலியாணமான உபதேசியார். உன் ஐயாவும் நாற்பது வருஷம் உபதேசியார்தானே, அதனால் எனக்கு அதில் தனி சந்தோஷம். சண்டைக் காலத்தில் ஜப்பான்காரர்கள் இரண்டாம் தாரம் கட்டலாம் என்றபோது கூடாது என்று நின்று, 1945-ல் சிறையில் ஊசி போட்டுக் கொல்லப்பட்டார் என்று நீ சொன்னாய். ஓரியூரிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. நம்ம அருளானந்தர் வழக்கும் அதுதானே! மறவர் தலைவர் தடியத்தேவர் ஞானஸ்நானம் வாங்கி, ஒரு மனைவியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார், விலக்கப்பட்ட ஒருத்தி ராமநாதபுரம் ராஜா சேதுபதிக்கு உறவு, அதில் கிளம்பிய நெருப்புதான் ஓரியூர் வரை வந்தது. லிஸ்பன்காரரும் உங்கள் தீவுக்காரரும் ஒரே வழக்குக்குச் செத்திருக்கிறார்கள். அப்பாவிடம் சொன்னேன். "அப்ப விலக்கப்பட்ட பொம்பளைங்க கதி?" என்று கேட்டார். கண்ணாடிக்குள்ளிருந்து இப்படி ஏதாவது வரும். பதில் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் சொல்.

மூணு வருஷத்துக்கு ஒரு தடவை லீவு என்று உங்கள் சபை வைத்திருக்கிறது. அம்மாச்சி நெல் குத்தப் போன செட்டியார் வீட்டிலும் அதே மூணு வருஷக் கணக்குதான். பர்மாவுக்கு ஏஜெண்டாகப் போனவர்கள் மூணு வருஷம் முடிந்துதான் ஊர் திரும்புவார்கள். அந்த வீட்டு ஆச்சி முற்றத்துத் தூணைத் தடவிக்கொண்டு, "தேக்கு வந்துருச்சு, ஆளு வரலை" என்பாராம். இப்போது அந்த வீடும் பூட்டிக் கிடக்கிறது. போன வாரம் சினிமாக்காரர்கள் வாடகைக்கு எடுத்து லைட் கட்டியிருந்தார்கள். உனக்கு இன்னும் இரண்டு வருஷமும் மூன்று மாசமும் இருக்கிறது. காலண்டரில் எல்லாம் குறிக்கவில்லை, சும்மா மனக்கணக்கு.

அண்ணன் பொங்கலுக்கு வந்தான், நன்றாக இருக்கிறான். அப்பா டைல்ஸ் பட்டறைக்குப் போக வேண்டும் என்கிறார், சித்திரை வரை கூடாது என்று சொல்லிவிட்டேன். டப்பாவின் அடியில் நீலக் கம்பளி ஸ்வெட்டர் வைத்திருக்கிறேன். மலைக் குளிரில் பழையதையே ஒட்டுப் போட்டுப் போடாதே, பழையதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு இதைப் போடு. இரண்டையும் கொடுத்துவிடாதே. மலேரியா மாத்திரையும் கையில் இருக்கட்டும். கீழே கடற்கரைப் பக்கம் போனால் முன்னாடியே போட்டுக்கொள், நர்சுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போன் போடு. உனக்கு ராத்திரி எட்டரை என்றால் இங்கே நாலு மணி. பங்குனிக் கலியாண ஆர்டர் பேசியிருக்கிறார்கள், அந்த நேரம் மாவு உருட்டிக்கொண்டிருப்பேன். கை நெய்யாக இருக்கும், அப்பா எடுத்து என் காதில் வைப்பார். டவர் போனாலும் வைத்துவிடாதே, கொஞ்ச நேரம் அப்படியே இரு.

உன் அம்மா