பழைய செய்திகளின் இணைப்பை அறுத்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு வாசகர் கடிதப் பகுதியில் மதுரை வாசகர் ஒருவர் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். ஊருக்கு ஊர் இருந்த இலக்கிய மன்றங்களும் கையெழுத்துப் பத்திரிகைகளும் போய்விட்டன, கைப்பேசி வந்தபிறகு தமிழில் ஃபார்வர்டு செய்கிறவர்கள்தான் உண்டு, எழுதுகிறவர்கள் இல்லை என்பது அவர் கட்சி. மன்றங்கள் போனது சரி. எழுதுகிறவர்கள் இல்லை என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. எழுதுகிற ஆட்களோடுதான் நான் சாயங்காலமானால் உட்கார்ந்திருக்கிறேன், யார் வேண்டுமானாலும் எழுதித் திருத்தலாம் என்றிருக்கும் இணையக் கலைக்களஞ்சியமான தமிழ் விக்கிப்பீடியாவில். பழைய செய்திகளின் இணைப்பைப் பற்றி அங்கிருந்து உங்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

நான் பொதுப்பணித் துறையில் ஒர்க் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். சர்வீஸ் முழுக்கத் தாமிரபரணிக் கால்வாய்களோடு போயிற்று. கதை, கவிதை எதுவும் எழுதியதில்லை. மேலதிகாரிக்கு ரிப்போர்ட் எழுதியதுதான் என் எழுத்து அனுபவம். ஓய்வுக்குப் பிறகு ஒருநாள் கால்வாய் ஒன்றைப் பற்றி இணையத்தில் தேடினேன். இரண்டே வரிதான் கிடைத்தது, பக்கத்தில் ‘தொகு’ என்று ஒரு பொத்தான். அதை அழுத்தியவன்தான், இன்னும் வெளியே வரவில்லை.

கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று மேலிருந்து கீழாக எட்டு அணைக்கட்டையும் என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். எந்த அணைக்கட்டிலிருந்து எந்தக் கால்வாய் பிரிகிறது என்று எழுதிப் போட்டேன். மறுநாளே ‘சான்று தேவை’ என்று ஒரு குறி விழுந்திருந்தது. எனக்கு வந்ததே கோபம்! அந்த மதகுகளில் ஷட்டர் ஏற்றி இறக்கியதைக் கூடவே நின்று பார்த்தவன் நான், இதைவிட என்ன சான்று வேண்டும் என்று, கட்டுரையைப் பற்றி விவாதிக்க இருக்கும் பேச்சுப் பக்கத்தில் கேட்டுவிட்டேன்.

பதில் எழுதியவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஐயா, நீங்கள் எழுதியது சரியாகத்தான் இருக்கும், ஆனால் உங்களைத் தெரியாத ஒரு பிள்ளை அதைப் படிக்கும்போது எதை நம்பிப் படிக்கும் என்று பணிவாகக் கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை. ஆங்கிலேய அதிகாரி பேட் எழுதி 1917-இல் வெளியான திருநெல்வேலி மாவட்ட கெசட்டியர் என்ற மாவட்ட விவர நூலின் ஸ்கேன் பிரதியை இணையத்தில் தேடிப் பிடித்து, பாசனத்தைப் பற்றிய பக்கங்களைக் குறித்துக் கொடுத்தார். அவர் தாமிரபரணியைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. எனக்காகத் தேடினாரா, ஆற்றுக்காகத் தேடினாரா என்று இன்றுவரை கேட்கவில்லை.

கன்னடியன் கால்வாய்க்கு எங்கள் பக்கம் ஒரு கதை உண்டு. கன்னட நாட்டிலிருந்து வந்த ஒருவர் பசுவின் பின்னாலேயே நடந்து, அது போன வழியில் கால்வாயை வெட்டினார் என்பார்கள். இந்தக் கதையை எங்கே வைப்பது என்று சேலத்து அம்மா ஒருவரும் நானும் நெடுநேரம் பேசினோம். கடைசியில் ‘செவிவழிக் கதை’ என்று தனித் தலைப்பு போட்டு, ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலத்தின் விவரத்தை வேறாகப் பிரித்தோம். அந்த அம்மா வீட்டில் இருந்தபடியே தையல் வேலை செய்கிறவர். வாக்கியத்தை வெட்டி ஒட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. நான் எழுதும் நீளமான ரிப்போர்ட் வாக்கியங்களை மூன்றாகத் துண்டாக்கிவிடுவார். ‘மேற்படி’ என்ற சொல்லை என் கையிலிருந்து பிடுங்கியவரும் அவர்தான்.

இத்தனைக்கும் கட்டுரைக்குக் கீழே யார் பெயரும் வராது. ‘வரலாறு’ என்று ஒரு பக்கம் உண்டு, யார் எந்த வரியை மாற்றினார் என்று அதில்தான் பார்க்கலாம். படிக்கிறவர்கள் எவ்வளவு பேர் அதைத் திறந்து பார்ப்பார்கள்? பெயர் போட இடமில்லாததால்தான் பொறாமையும் குறைவாக இருக்கிறதோ என்னவோ.

எனக்குத் தைரியம் கொடுத்தவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் மயூரநாதனைச் சொல்வேன். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை ஆரம்ப காலத்திலிருந்து எழுதி வளர்த்தவர்களில் முதன்மையானவர். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், வளைகுடா நாட்டில் கட்டடக் கலைஞராக வேலை பார்த்தவர். வழக்கமாக இலக்கியவாதிகளுக்குப் போகும் இயல் விருதை, 2015-ஆம் ஆண்டுக்கு, கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் இவருக்குக் கொடுத்தது. கட்டடக் கலை படித்தவர் கட்டடக் கலையைத் தமிழில் எழுதும்போது, கால்வாயில் நின்றவன் கால்வாயை ஏன் எழுதக் கூடாது? 2017-இல் தமிழ் விக்கிப்பீடியா ஒரு லட்சம் கட்டுரையைத் தொட்டதெல்லாம் இப்படித் தன் தொழிலைத் தமிழில் எழுத வந்தவர்களையும் சேர்த்துத்தான். மதுரை வாசகரும் ஒரு கணக்கு தொடங்கலாம். எழுதிப் பழக ‘மணல்தொட்டி’ என்று இடம் இருக்கிறது, அங்கே என்ன எழுதினாலும் யாரும் கேட்கமாட்டார்கள்.

சண்டையே கிடையாது என்று சொன்னால் பொய். பொதுவாகப் பேசிக்கொள்ளும் பக்கத்துக்கு ‘ஆலமரத்தடி’ என்று பெயர். ஒரு நாட்டின் பெயரை எப்படி எழுதுவது என்று இலங்கைக்காரர்களும் நம்மவர்களும் அங்கே மல்லுக்கு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். முறைத்துக்கொண்டு போய்விட்டவர்களும் உண்டு. நான் அந்தப் பக்கம் தலையைக் கொடுப்பதில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் பக்கம் பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய், பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். கரண்டு போய், எங்கள் வீட்டில் கைப்பேசிகள் எல்லாம் செத்துக் கிடந்தன. கரண்டு வந்து விக்கியைத் திறந்தால், என் பெயரில் இருக்கும் பேச்சுப் பக்கம் முழுக்க விசாரிப்பு. ஐயா பத்திரமா, தண்ணீர் வீட்டுக்குள் வந்ததா என்று சேலம், யாழ்ப்பாணம், சிங்கப்பூர் என்று எங்கிருந்தெல்லாமோ கேட்டிருந்தார்கள். இவர்களில் ஒருவர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. பக்கத்துத் தெருவில் இருக்கும் என் மச்சினன் நாலு நாள் கழித்துத்தான் வந்து எட்டிப் பார்த்தான். (அவன் வீட்டிலும் தண்ணீர். அதையும் சொல்லிவிட வேண்டும்.)

அந்த வெள்ளத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது எங்களுக்குச் சான்றாகக் கிடைத்தவை உங்களைப் போன்ற நாளிதழ்களின் செய்திகள். எந்த ஊரில் எவ்வளவு மழை, எந்தக் குளம் உடைந்தது என்று வரிக்கு வரி இணைப்பு கொடுத்து எழுதினோம். இப்போது அவற்றில் பலவற்றைத் தட்டினால் ‘பக்கம் கிடைக்கவில்லை’ என்று வருகிறது. இணையதளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய செய்திகளின் முகவரி மாறிவிடுகிறது என்கிறார்கள் விவரம் தெரிந்தவர்கள். எங்களால் முடிந்ததை, இணையப் பக்கங்களின் பழைய நகல்களைக் காக்கும் வேபேக் மெஷின் என்ற தளத்தில் சேமித்து வைக்கிறோம். எல்லாவற்றையும் பிடிக்க முடிவதில்லை. சான்று போனால் அந்த வரியும் ஒருநாள் போகும்.

போன வருஷம் ஒரு பத்திரிகையின் இணைப்பிதழில் எங்கள் அணைக்கட்டுக் கட்டுரையின் இரண்டு பத்திகள் அப்படியே வந்திருந்தன, சேலத்து அம்மா வெட்டிக் கொடுத்த வாக்கியம் உட்பட. தாராளமாக எடுக்கலாம், உரிமம் அப்படித்தான். எங்கிருந்து எடுத்தது என்று சொல்லிவிட வேண்டும், அதைத்தான் விட்டுவிட்டார்கள்.

உங்கள் தளத்தில் பழைய முகவரியைத் தட்டினால் புதிய பக்கத்துக்குப் போகும்படி செய்ய முடியுமா என்று உங்கள் இணையப் பிரிவினரிடம் கேட்டு, இந்தப் பகுதியிலேயே இரண்டு வரி பதில் போடுங்கள். ஆலமரத்தடியில் தெரிவித்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒர்க் இன்ஸ்பெக்டர்,
சேரன்மகாதேவி